பெடலைப் புத்தகத்தில் படிப்பவர்களுக்கு

பெடல் பற்றிய புத்தகத்தை நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிக்காதீர்கள். பியானோவின் நோட்டுப் பலகையில் விரித்து வைத்து, வலது காலைப் பெடல்மேல் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு பத்தி படித்ததும் மிதித்துப் பாருங்கள், கேளுங்கள், பிறகு அடுத்த பத்தி. சொல்லித்தர ஆளில்லாமல் புத்தகங்களை வைத்தே காலைப் பழக்கியவன் நான். இப்படிப் படித்தவை மட்டும்தான் என் காலில் தங்கின.

முதல் அத்தியாயத்துக்கு முன் பியானோவின் மூடியைத் திறந்து, வலது பெடலை மிக மெதுவாக அழுத்துங்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒன்றும் நடக்காது. பிறகு கம்பிகள்மேல் படிந்து ஒலியை அடக்கும் டாம்பர்கள் மெல்ல எழும். உச்சஸ்தாயியில் கடைசி ஒன்றரை ஆக்டேவ் அளவுக்கு டாம்பரே இருக்காது. அந்தக் கம்பிகளின் ஒலி தானே சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள். டாம்பர் கம்பியை விட்டும் விடாமலும் உரசுகிற அந்தச் சின்ன இடைவெளியைத்தான் புத்தகங்கள் ‘அரைப் பெடல்’ என்கின்றன. பெயரை நம்பிக் காலைப் பாதி தூரம் இறக்கினால் வராது. அந்த இடம் ஒரு பியானோவில் மேலே இருக்கும், இன்னொன்றில் கீழே இருக்கும். எந்த ஆசிரியராலும் அதை அச்சில் காட்ட முடியாது. உங்கள் பாதம்தான் கண்டுபிடிக்க வேண்டும். குதிகால் தரையைவிட்டு எழக்கூடாது. பாதத்தின் முன்பகுதி பெடலைவிட்டுப் பிரியக்கூடாது. பிரிந்தால் ஒவ்வொரு மிதிக்கும் ‘டொக்’ என்று சத்தம் கேட்கும்.

அடுத்தது லெகாட்டோ பெடல், அதாவது ஒலி அறாமல் சுரங்களை இணைக்கும் மிதி. எல்லாப் புத்தகங்களும் இதைச் சொல்கின்றன, எல்லாரும் இரண்டு பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதிப் புத்தகம் இதற்கே போக வேண்டும். புதிய கார்டு (சேர்த்து அழுத்தும் பல சுரங்கள்) ஒலிக்கும் அதே கணத்தில் கால் மேலே வருகிறது. அது ஒலித்த பிறகு கீழே போகிறது. கை இறங்கும்போது கால் ஏற வேண்டும். கைகாலுக்குப் பிடிக்காத வேலை இது. இரண்டும் சேர்ந்து இறங்கத்தான் துடிக்கும். அதனால் கையின் வேலையைக் குறைத்துவிடுங்கள். ஒரே விரலால் சி, டி, இ என்று வரிசையாக, நான்கு எண்ணிக்கைக்கு ஒரு கட்டை. ‘ஒன்று’ என்னும்போது விரல் கீழே, கால் மேலே. ‘இரண்டு’ என்னும்போது கால் கீழே. ‘மூன்று’ என்னும்போது விரலை எடுத்துவிடுங்கள். ஒலியைப் பெடல் தாங்கும். ஒரே விரல் என்பதால் விரலால் ஏமாற்றி இணைக்க வழியில்லை.

நடுவில் ஒலி அறுந்தால் கால் அவசரப்பட்டுவிட்டது என்று பொருள். இரண்டு சுரங்கள் கலங்கினால் கால் தாமதித்தது, அல்லது முழுக்க மேலே வரவில்லை. பாஸ் (கீழ்ஸ்தாயி) பக்கம் போகப்போக இந்தக் கலக்கம் கூடும். தடித்த கம்பிகள் அடங்க நேரம் எடுக்கும், அங்கே காலை ஒரு நொடிப்பொழுது கூடுதலாக மேலே நிறுத்துங்கள். இது சரளமானதும் இசையமைப்பாளர் ஷோபேனின் ஓபஸ் 28 தொகுப்பில் 20ஆம் பிரெலூடை (சிறு உருப்படி) எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக நகரும் கார்டுகள், கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பெடல் மாற்றம். காலுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இனி அச்சில் இருக்கும் குறிகள். பழைய பதிப்புகளில் ‘பெட்’ என்ற எழுத்தும் நட்சத்திரமும் இருக்கும். மிதி, விடு என்று அர்த்தம். நட்சத்திரம் அடுத்த ‘பெட்’டுக்குச் சற்று முன்னால் நிற்கும். அச்சிட்டபடியே காலை எடுத்தால் நடுவில் ஓட்டை விழும். அந்தக் குறி காட்டுவது எந்த பாஸ் சுரம், எந்த ஹார்மனி (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) தாங்கப்பட வேண்டும் என்பதை. கால் எழும் துல்லியமான கணத்தை நம் காதுதான் முடிவு செய்யும். பெத்தோவன் 1801இல் எழுதிய ‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதி முழுவதையும் டாம்பர்கள் இல்லாமல், அதாவது வலது பெடலை அழுத்தியபடியே, வாசிக்கச் சொல்கிறார். அவர் காலத்துப் பியானோவில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்றைய கிராண்டில் (கம்பிகள் படுக்கையாக இருக்கும் பெரிய பியானோ) அதே கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் சேறுதான். ஹார்மனி மாறும் இடத்தில் அரைப் பெடலால் பழைய ஒலியைக் கொஞ்சம் மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அவர் கேட்ட மூட்டமும் கிடைக்கும், மெலடியும் பிழைக்கும்.

இசையமைப்பாளர் டெபுஸியிடம் பெடல் குறிகள் மிக அரிது. ஆனால் நீண்ட பாஸ் சுரத்தை எழுதிவிட்டு, இரண்டு கைகளையும் வேறெங்கோ அனுப்பிவிடுவார். கையால் பிடிக்க முடியாததைக் காலால்தான் பிடிக்க முடியும். எழுதப்படாத பெடலை இப்படித்தான் நோட்டில் படிக்க வேண்டும்.

எந்தப் புத்தகம்? ஜோசப் பானோவெட்ஸின் ‘தி பியானிஸ்ட்ஸ் கைடு டு பெடலிங்’ (1985) மூன்று பெடல்களையும் பேசுகிறது, இசையமைப்பாளர் வாரியாகவும் பிரித்துத் தருகிறது. முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டாம். கையில் இருக்கும் உருப்படிக்கான பகுதியை மட்டும் திறங்கள். டேவிட் ரோலண்ட் 1993இல் எழுதிய பெடல் வரலாறு, கால் ஓரளவு பழகிய பிறகு படித்தால் சுவைக்கும்.

இடது பெடல் ஒலியின் நிறத்தை மாற்றும் என்று படித்துவிட்டு, உங்கள் அப்ரைட்டில் (கம்பிகள் நிமிர்ந்து நிற்கும் பியானோ) அது கேட்கவில்லை என்றால் காதைச் சந்தேகிக்காதீர்கள். கிராண்டில் அது சுத்தியல்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, மூன்று கம்பிக்குப் பதில் இரண்டில் அடிக்க வைக்கிறது. அப்ரைட்டில் சுத்தியல்களைக் கம்பிக்கு அருகே கொண்டுவருவதோடு சரி. நடுப் பெடலும் அப்படியே: பல அப்ரைட்டுகளில் அது வெறும் கம்பளித்துணியை இறக்கும். அப்படியானால் சாஸ்டெனூட்டோ (மிதிக்கும்போது அழுத்தியிருக்கும் சுரங்களை மட்டும் தாங்கும் கிராண்டின் நடுப் பெடல்) அத்தியாயத்தைத் தாராளமாகத் தாண்டிப் போங்கள்.

டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர்கள் ஒன்றைச் சரிபார்க்கவும். கூடவே வந்த பெடல் வெறும் சுவிட்ச் என்றால் அதற்குத் திறப்பு, அடைப்பு இரண்டுதான் தெரியும்; அரைப் பெடல் பயிற்சியை அதில் எத்தனை முறை செய்தாலும் ஒன்றும் கேட்காது. அரைப் பெடலை ஏற்கும் கருவியா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு, படிப்படியாக அழுத்தம் உணரும் பெடலை வாங்கிக்கொண்டு அந்த அத்தியாயத்துக்கு வாருங்கள்.