உப்பு ஏறிய தொட்டி: என் அனுபவம்

வீட்டில் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், இரண்டு க்ளவுன் மீன், கொஞ்சம் ஜோவாந்தஸ் (பூ மாதிரி விரியும், பவளத்தின் உறவான சின்னக் கடல் உயிர்கள்). சென்னையில் மே மாதம் வந்ததும் ஜோவாந்தஸ் எல்லாம் மொட்டு மாதிரி மூடிக்கொண்டன. நாலு நாள் ஆகியும் திறக்கவில்லை, பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது. விளக்கைக் குறைத்தேன், மாற்றம் இல்லை. அப்புறம்தான் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைக் கவனித்து, ரெஃப்ராக்டோமீட்டரில் (உப்பின் அளவை நீரின் ஒப்படர்த்தியாகக் காட்டும் கருவி) ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 1.030! இருக்க வேண்டியது 1.026.

தப்பு என்னுடையதுதான். வெயிலில் தண்ணீர் குறையக் குறைய உப்பு கலந்த தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறேன். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்கிவிடும், அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

ஒரே நாளில் இறக்கினால் உயிர்கள் தாங்காது என்பதால் தினமும் ஒன்றரை லிட்டர் எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர் ஊற்றினேன், ஐந்து நாளில் சரியான அளவுக்கு வந்தது. 31 டிகிரியில் இருந்த சூட்டுக்கு, மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தேன், 28-க்கு இறங்கியது. ஃபேன் ஓடினால் தண்ணீர் இன்னும் வேகமாகக் குறையும், ஆகவே கண்ணாடியில் மார்க்கரால் கோடு போட்டு காலை மாலை அதுவரை நிரப்புகிறேன். ஆறாம் நாள் காலையில் ஓரத்தில் இருந்த ஒரு ஜோவா மட்டும் பச்சையாக விரிந்திருந்தது.