டர்னில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விரட்ட

போக்கரில், லிம்ப் செய்தவர் (குறைந்தபட்சப் பந்தயத்தை மட்டும் போட்டு வந்தவர்) மேல் ரெய்ஸ் போட்டு, அதாவது பந்தயத்தை உயர்த்தி, மீதிப் பேரை வெளியேற்றுவது ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) முன்னால் எல்லோரும் செய்வதுதான். அதே வேலையை டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு விழுந்ததும்) செய்ய மட்டும் ஏனோ பலருக்குக் கை வருவதில்லை. "டாப் பேர்தானே, சும்மா கால் பண்ணிப் பார்ப்போம்" என்று இருந்துவிடுகிறார்கள். டாப் பேர் என்றால் பொதுச் சீட்டுகளில் பெரியதோடு சேர்ந்த ஜோடி; கால் என்றால் எதிராளி போட்ட அதே தொகையைப் போட்டுத் தொடர்வது. அந்தக் கால் எவ்வளவு மோசம் என்று கணக்கே சொல்லும்.

நோ லிமிட் ஹோல்டெம், அதாவது எவ்வளவு வேண்டுமானாலும் பந்தயம் போடலாம். மூன்று பேர் மிச்சம். போர்டில் (பொதுச் சீட்டுகளில்) ஜாக், 8, 4, 2; ஜாக்கும் 4-ம் ஹார்ட்டின். உங்களிடம் ஏஸும் இன்னொரு ஜாக்கும். பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தில், 1,200. உங்களுக்கு முன்னால் பேச வேண்டியவர் மிச்சமிருந்த 500-ஐயும் தள்ளி ஆல்-இன் போகிறார். உங்களுக்குப் பின்னால் ஒருவர் காத்திருக்கிறார்.

நீங்கள் கால் செய்தால், பின்னால் இருப்பவர் 500 போட்டு 2,200-க்கு ஆடலாம். அவருக்கு 18.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே கட்டுப்படியாகும். கையில் இரண்டு ஹார்ட்டின் வைத்திருந்தால், அவர் பார்க்காத 46 சீட்டில் 9 அவருக்கு உதவும். அது 19.6 சதவீதம். ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) நீங்களே வழிவிட்டதாக ஆகிறது.

1,500-க்கு ரெய்ஸ் செய்யுங்கள். இப்போது அவர் 1,500 போட்டால்தான் 3,200-க்கு ஆட முடியும். ஏறக்குறைய 32 சதவீதம் வேண்டும். ஒழுங்காக ஆடுபவர் என்றால் சீட்டைக் கீழே வைத்துவிடுவார். அவர் போனதும் நீங்கள் கூடுதலாகப் போட்ட 1,000 உங்களிடமே திரும்பிவிடும், ஆல்-இன் போனவரால் 500-க்கு மேல் ஈடுகொடுக்க முடியாதே. பின்னால் இருப்பவரிடம் செட் (கையில் உள்ள ஜோடியோடு போர்டில் அதே சீட்டு ஒன்று) இருந்தால் அந்த 1,000-க்கும் ஆபத்துதான். அது தெரிந்தே போடுகிற ரெய்ஸ் இது.

பெட் போட்டவர் ஆல்-இன் போகவில்லை என்றால் முதலில் ஆளைப் பாருங்கள். செகண்ட் பேருக்கும் (போர்டின் இரண்டாவது பெரிய சீட்டோடு ஜோடி) அரைகுறை டிராவுக்கும் (இன்னும் ஒரு சீட்டு வந்தால்தான் முழுமையாகும் கை) பெட் போடுகிறவரா? அப்படிப்பட்டவரோடு தனியாக ஆடுவது லாபம். மணிக்கணக்கில் வாயே திறக்காமல் இருந்தவர் நாலு பேருக்கு எதிரே திடீரென்று பெட் போட்டால், அவரைத் தனியாகப் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? ரெய்ஸ் அவர் போட்டதைப்போல மூன்று மடங்காவது இருக்கட்டும். இரண்டு மடங்கு போட்டால் பின்னால் இருப்பவர்கள் "சரி, பார்த்துடலாம்" என்று வந்துவிடுவார்கள்.

இதற்கேற்ற கை டாப் பேர், ஓவர் பேர் (போர்டில் உள்ள எல்லாவற்றையும் விடப் பெரிய ஜோடி கையில்) மாதிரியானவை. ஒருவரிடம் ஜெயிக்கும், கூட்டத்தில் அடிபடும். கையில் ஜோடி ஏஸ் இருந்தால்கூட, ஃப்ளாப்புக்கு முன் ஏதோ ஒரு கைக்கு எதிராக 85 சதவீதம், நாலு கைகளுக்கு எதிராக 56 சதவீதம்தான். டிரா எதுவும் இல்லாத போர்டில் செட் கிடைத்தால் யாரையும் விரட்டாதீர்கள், வரட்டும்.

ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டு விழுந்த பிறகு) இந்த வித்தைக்கு அநேகமாக வேலையில்லை. இனி வர சீட்டு இல்லை, எனவே காப்பாற்ற வேண்டியதும் இல்லை. நடுத்தரக் கையோடு ரெய்ஸ் போட்டால் உங்களைவிட மோசமானவர்கள் போய், நல்ல கைக்காரர் மட்டும் நிற்பார். ஒரே ஒரு விதிவிலக்கு: பெட் போட்டவர் டிரா தவறிப்போய் ப்ளஃப் அடிக்கிறார் என்று நம்புகிறீர்கள், பின்னால் இருப்பவரிடம் உங்களுடையதைவிடக் கொஞ்சம் நல்ல பேர் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்போது ரெய்ஸ் போடலாம், அதுவும் அந்தப் பின்னால் இருப்பவர் ஃபோல்ட் செய்ய, அதாவது சீட்டைக் கீழே வைத்து விலக, தெரிந்தவராக இருந்தால் மட்டும்.