எல்லைக் காவல் பணியில் சேர: எஸ்பிஎம் முடித்த நாள் முதல் முதல் சம்பளம் வரை

மலேசியாவின் பினாங்கில் உள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் கடப்பிதழைப் புரட்டிப் பார்த்து முத்திரை பதிக்கும் அதிகாரியைக் கண்ட பிறகுதான் நம் பிள்ளைகள் பலருக்கு இந்த வேலையின் மீது ஆசை பிறக்கிறது. சீருடை கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நாற்காலிக்கு வந்து சேர அவர் செய்த ஆயத்தம் தெரிவதில்லை. பிறை வட்டாரத்தில் எஸ்பிஎம், அதாவது படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் தேசியத் தேர்வை, முடித்த மாணவர்களுக்கு வேலை விண்ணப்பங்களில் பல ஆண்டுகளாக உதவி வருகிறேன். "சார், நான் நன்றாக ஓடுவேன், எனக்குக் கிடைக்குமா?" என்று கேட்காத பையன் இல்லை. உடற்தகுதி ஓட்டத்தில் பின்தங்கித் தோற்றவர்களைவிட, மலாய் மொழியிலும் ஆவணங்களிலும் தடுக்கி விழுந்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டி ஓட்டத்தைப் பற்றிக் குறைவாகவும் மற்ற இரண்டைப் பற்றி விரிவாகவும் பேசும்.

எல்லைக் காவல் என்பது ஒரே சீருடை அணிந்த ஒரே துறை அன்று. நாட்டுக்குள் வரும் மனிதர்களைக் குடிநுழைவுத் துறையும், சரக்குகளையும் வரியையும் சுங்கத் துறையும் கவனிக்கின்றன. தாய்லாந்தை ஒட்டிய தரை எல்லையில் காவல் படையின் பொது நடவடிக்கைப் பிரிவு ரோந்து செல்கிறது. கடல் எல்லை, 2005 நவம்பர் 30 அன்று பணியைத் தொடங்கிய மலேசியக் கடல்சார் அமலாக்க நிறுவனத்தின் பொறுப்பு. இவற்றுக்கு மேலாக, 2024-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி உருவான மலேசிய எல்லைக் கட்டுப்பாடு, பாதுகாப்பு நிறுவனம், அதாவது ஏகேபிஎஸ், 2025 முதல் நுழைவாயில்களை ஒரே தலைமையின்கீழ் கொண்டுவரத் தொடங்கியது. அதில் பணிபுரியத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே குடிநுழைவு, சுங்கம் போன்ற துறைகளில் இருந்தவர்களே. ஆகவே ஏகேபிஎஸ் என்ற பெயரில் விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காமல், அந்தத் துறைகளின் விளம்பரங்களையும் சேர்த்துக் கவனித்து வாருங்கள்.

குடிநுழைவுத் துறையின் தொடக்க நிலைப் பணியை எடுத்துக்கொள்வோம். மலேசியக் குடியுரிமை, குறைந்தது 18 வயது, எஸ்பிஎம் சான்றிதழ், அதில் மலாய் மொழியில் குறைந்தது சி கிரேடு ஆகியவை அடிப்படைத் தகுதிகள். வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி பெறாதவருக்கு 2013 முதல் எஸ்பிஎம் சான்றிதழே கிடைப்பதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். இவ்விரு பாடங்களில் ஒன்று கைவிட்டுப் போயிருந்தால் மனம் தளராதீர்கள்; மறுதேர்வு எழுதி அதை மீட்டவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். உறவினர்கள் இந்தப் பணி நிலையை 'கேபி 19' என்று சொல்வது, 2024 டிசம்பர் 1 அன்று நடப்புக்கு வந்த புதிய சம்பள முறைக்கு முந்திய பெயர். அதே நிலை இப்போது 'கேபி 1' என்று குறிக்கப்படுகிறது. எஸ்டிபிஎம் (படிவம் ஆறு தேர்வு) அல்லது டிப்ளோமா பெற்றவர்களுக்கான 29-ஆம் கிரேடு 5 ஆகவும், பட்டதாரிகளுக்கான 41-ஆம் கிரேடு 9 ஆகவும் மாறியுள்ளன. உயரம், எடை, கண்பார்வை ஆகியவற்றுக்கான அளவுகளை அந்தந்த விளம்பரத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண்ணாடிக் கடையில் நிறக்குருடு இருக்கிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பலருக்கு அப்படி ஒரு குறை தமக்கு இருப்பதே தெரியாது.

விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையத்தின் எஸ்பிஏ9 இணைய முறையின் வழியாகச் செல்கிறது. காவல் படைக்கு மட்டும் அதன் சொந்த ஆள்சேர்ப்பு முறை தனியாக உண்டு. எஸ்பிஏ9 பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லுபடியாகும். 'பதிந்துவிட்டேன், அழைப்பு வரவில்லை' என்று வருந்தி வந்த ஒரு மாணவனின் கணக்கைத் திறந்து பார்த்தபோது, அது காலாவதியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் அவன் எதிர்பார்த்திருந்த விளம்பரம் வந்து போயிருந்தது. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வையுங்கள். ப்ரீபெய்ட் எண்ணை மாற்றினால் அன்றே கணக்கிலும் மாற்றுங்கள்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டலும் அடையாள அட்டையில் வேறொன்றும் இருக்கும்; ஓர் ஆவணத்தில் தந்தை பெயருக்கு முன் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்) இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பள்ளியில் யாரும் பொருட்படுத்தாத இந்த வேறுபாடு, பாதுகாப்புப் பின்னணிச் சோதனையின்போது பெரிய கேள்வியாக எழுந்து நிற்கும். படிவம் ஐந்தில் இருக்கும்போதே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, தேவையானால் தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்று திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்: எஸ்பிஏ பதிவுக்கோ நேர்முகத்துக்கோ கட்டணம் கிடையாது. 'கேபல் (உள்ளே செல்வாக்கு) இருக்கிறது, மூவாயிரம் வெள்ளி கொடுங்கள்' என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நகையை அடகு வைத்து அப்படிப் பணம் கொடுத்த தாயின் கண்ணீரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்து வருவது இணையவழித் தேர்வு. பொது அறிவு, கணக்கு சார்ந்த சிக்கல் தீர்த்தல், ஆங்கில வாசிப்புப் புரிதல் ஆகியவற்றோடு, குணநலனை அளக்கும் வினாக்களும் வரும். குணநல வினாக்களில் நல்லவராகக் காட்டிக்கொள்ள முயன்றால் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். உள்ளதை உள்ளபடி எழுதுவதே சரி. உடற்தகுதிக்கு, 2.4 கிலோமீட்டரை நிற்காமல் ஓடும் அளவுக்கு வாரம் நான்கு நாள் பினாங்கு இளைஞர் பூங்காவிலோ வீட்டருகே உள்ள திடலிலோ மூன்று மாதம் பயிற்சி செய்தால் போதும்.

நேர்முகத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் இடறுகிறார்கள். வீட்டில் தமிழும் நண்பர்களோடு கலப்பு மொழியும் பேசிப் பழகியவர், மூன்று அதிகாரிகளின் முன் தூய மலாயில் முழு வாக்கியமாகப் பேச வேண்டியிருக்கும்போது, விடை தெரிந்திருந்தும் வாய் அடைத்து நிற்கிறார். இதற்கு மருந்து, நாள்தோறும் மலாய் நாளிதழ் ஒன்றின் தலையங்கத்தை உரக்கப் படித்து, பிறகு தாளை மூடிவிட்டு, படித்ததை இரண்டு நிமிடம் சொந்த வாக்கியத்தில் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்பதுதான். முதல் வாரத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆறாவது வாரத்தில் உங்கள் குரலை நீங்களே நம்பத் தொடங்குவீர்கள்.

சட்டங்களின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. 1959/63 குடிநுழைவுச் சட்டம் யார் நுழையலாம், தங்கலாம் என்பதை வரையறுக்கிறது. 1966 கடப்பிதழ்ச் சட்டம் பயண ஆவணத்தைப் பற்றியது. 2007-இல் இயற்றப்பட்ட மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டம், கடத்தப்பட்டவரைப் பாதுகாக்கப்பட வேண்டியவராகப் பார்க்கிறது. ஒரே முகப்பில் ஒரே தோற்றத்தில் வந்து நிற்கும் இருவரில் ஒருவர் குற்றவாளியாகவும் மற்றவர் பாதிக்கப்பட்டவராகவும் இருக்கலாம் என்பதை உணர்ந்து பேசுகிறவரின் விடை தனித்து நிற்கும். பெர்லிஸ் மாநிலத்தின் வாங் கெலியான் மலைக்காட்டில் 2015 மே மாதம் கடத்தல் முகாம்களும், புதைகுழிகள் என்று கருதப்பட்ட 139 இடங்களும் கண்டுபிடிக்கப்பட்டன; அதை விசாரிக்க 2019-இல் அரச விசாரணை ஆணையம் அமர்ந்தது. எல்லையில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால் என்ன நேரும் என்பதை அறிய, இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைப் படித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு வந்த ஒரு மூதாட்டி மகளைப் பார்க்க வந்ததாகச் சொல்கிறார். மகளின் முகவரி அவருக்குத் தெரியவில்லை. 'பாவம், விட்டுவிடுவேன்' என்பதும் தவறு, 'திருப்பி அனுப்புவேன்' என்பதும் தவறு. திரும்பும் பயணச்சீட்டைக் கேட்பது, மகளின் தொலைபேசி எண்ணைத் தொடர்புகொள்வது, ஐயம் நீங்காவிட்டால் மேலதிகாரியின் பார்வைக்குக் கொண்டுபோவது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மாவிடம் தமிழில் பேச முடிவது உங்கள் பலம். அதைத் தயங்காமல் நேர்முகத்தில் சொல்லுங்கள். அதே தமிழால் 'தம்பி, நம்ம ஆள்தானே' என்ற வேண்டுகோளும் உங்களிடமே முதலில் வரும். 2024-இல் 'கவுண்டர் செட்டிங்', அதாவது வெளிநாட்டவரைக் குறிப்பிட்ட முகப்பின் வழியாக முறையான சோதனையின்றி உள்ளே விடும் ஏற்பாடு, தொடர்பாகக் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் குடிநுழைவு அதிகாரிகள் சிலரை ஊழல் தடுப்பு ஆணையம் கைது செய்தது. அப்படிப்பட்ட தவறு பெரிய பேராசையில்தான் தொடங்கும் என்றில்லை. மறுக்கத் தெரியாத ஒரு சிறு உதவியிலும் தொடங்கலாம். கடன் சுமையோடு பணிக்கு வருகிறவருக்கு அந்த மறுப்பு இன்னும் கடினமாகும். அரசு ஊழியர் கடும் கடனில் சிக்குவதை 1993 நடத்தை விதிகள் ஒழுங்குக் குற்றமாகவே கருதுகின்றன. ஆகவே மோட்டார் சைக்கிள் தவணை, பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் பாக்கி, கட்டாத சம்மன் ஆகியவற்றை விண்ணப்பிக்கும் முன்பே ஒழுங்குபடுத்துங்கள்.

தேர்வானால் மருத்துவப் பரிசோதனை, பின்னணிச் சோதனை, சொத்து அறிவிப்பு ஆகியவற்றுக்குப் பின் அடிப்படைப் பயிற்சி தொடங்கும். குடிநுழைவுக் கழகம் போர்ட்டிக்சனிலும், சுங்கக் கழகம் மலாக்காவிலும், கடல்சார் அமலாக்கத்தின் சுல்தான் அகமட் ஷா கழகம் குவாந்தானை அடுத்த கெபெங்கிலும் உள்ளன. பிறகு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை தகுதிகாண் காலம்; துறைத் தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும்.

பினாங்குப் பிள்ளை என்பதற்காகப் பினாங்கிலேயே இடம் கிடைக்காது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முடியும் புக்கிட் காயு ஹீத்தாம் கிடைத்தால் அது அருகில் என்றே கொள்ள வேண்டும். பாடாங் பெசாரோ, கிளந்தானின் ரந்தாவ் பாஞ்சாங்கோ, கடல் தாண்டிச் சபாவோ அமையலாம். தீபாவளி இரவில் பணி இருக்கும் என்பதை இப்போதே அம்மாவிடம் சொல்லி வையுங்கள். புதிதாகச் சேர்ந்தவரின் முதல் சம்பளம் ஆவணங்கள் சீராகும் வரை தாமதமாகலாம். ஆகையால் அறை வாடகைக்கும் முன்பணத்துக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு மாதத் தொகையைச் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.