ரப்பர் ஷீட்டிலிருந்து உலக அரசியல் வரை: ஊரில் ஓர் இடதுசாரி வாசிப்பு வட்டம் நடத்தும் முறை

முதலாளித்துவம், சோசலிசம், ஏகாதிபத்தியம் ஆகியவற்றைச் சேர்ந்து படிக்க விரும்புவோர் குலசேகரத்திலோ திருவட்டாறிலோ அருமனையிலோ ஒரு வாசிப்பு வட்டம் தொடங்குவதாக இருந்தால், வரையறைகளைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, ஊரார் அனைவருக்கும் பழக்கமான ஒரு பொருளிலிருந்து தொடங்க வேண்டும். குமரி மாவட்டத்தின் மலையோரத்தில் அந்தப் பொருள் ரப்பர். யார் உழைக்கிறார், உடைமை யாரிடம் இருக்கிறது, முடிவை யார் எடுக்கிறார் என்னும் மூன்று கேள்விகளை விடாமல் கேட்பதே இடதுசாரிப் பார்வையின் அடித்தளம் என்று கருதுகிறேன். அவற்றை ஒரு கிலோ ரப்பர் ஷீட்டைப் பற்றிக் கேட்கப் பழகியவர், பின்னர் ஒரு போரைப் பற்றியும் கேட்பார்.

முதல் கூட்டத்துக்குப் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர், ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி ஒருவர், ஷீட் வாங்கும் கடைக்காரர் ஒருவர் ஆகிய மூவரையும் அழையுங்கள். பால்வெட்டுவோர் விடியும் முன்பே தோட்டத்தில் இருக்க வேண்டியவர்கள் என்பதால், கூட்டத்தை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிப்பது நல்லது. மரப்பட்டையைக் கீறிச் சிரட்டையில் சேரும் பாலை எடுப்பது, ஆசிட் விட்டு உறையவைப்பது, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்குவது, புகைபோட்டு உலர்த்துவது என ஒவ்வொரு கட்டத்திலும் யாருடைய உழைப்பு செல்கிறது, அதற்கு எவ்வளவு கூலி, விற்ற விலையில் எஞ்சுவது யாருக்கு என்று ஒரு பெரிய தாளில் எழுதுங்கள். மழை நாளில் வெட்டு இல்லாதபோது கூலி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் தலைகாட்டும். சிறு விவசாயி உலகச் சந்தையால் நசுக்கப்படுபவர். அதே வேளையில், கூலிக்கு ஆள் அமர்த்துபவரும் அவரே. விலை விழும்போது வெட்டுக்கூலியும் சேர்ந்து விழும் ஆபத்து உண்டு. இந்த முரணை மூடிவைத்துவிட்டு முழக்கத்துக்குத் தாவுகிற வட்டம் வர்க்கம் என்பதைப் புரிந்துகொள்ளாமலே போய்விடும். ஆகவே இதற்கு ஒரு மாலை முழுவதையும் செலவிட்டாலும் தகும்.

அடுத்த கூட்டத்தில் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் கிலோ 240 ரூபாயை ஒட்டி விற்ற ஷீட், 2016இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனது. இதற்குக் காரணம் தேடும்போது தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் ஆகிய நாடுகளின் உற்பத்தியையும், உலகிலேயே மிக அதிகமாக ரப்பர் வாங்கும் சீனாவின் தேவையையும், கச்சா எண்ணெயிலிருந்து செய்யப்படும் செயற்கை ரப்பரின் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "எல்லாம் ஆசியான் ஒப்பந்தத்தால் வந்த வினை" என்று யாரேனும் சொல்லக்கூடும். தென்கிழக்கு ஆசிய நாடுகளுடன் இந்தியா செய்துகொண்டு 2010இல் நடைமுறைக்கு வந்த அந்தத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில், இயற்கை ரப்பர் வரிக்குறைப்பு இல்லாத விலக்குப் பட்டியலில் இருந்தது. விவசாயிகள் எதிர்த்த பெரிய ஓட்டை, இயற்கை ரப்பரில் வேறு பொருள்களைக் கலந்து குறைந்த வரியில் கொண்டுவரப்பட்ட கலவை ரப்பரின் இறக்குமதி. அதன் சுங்கவரி 2023ஆம் ஆண்டு பட்ஜெட்டில்தான் 10 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. நமக்குச் சாதகமான வாதம் என்பதற்காகச் சரிபார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

சந்தையில் போட்டியே விலையைத் தீர்மானிக்கிறது என்ற வாதத்துக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. ஐந்து பெரிய டயர் நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து டயர் விலையை நிர்ணயித்தன என்று முடிவுசெய்த இந்தியப் போட்டி ஆணையம், அவற்றுக்கு 1,788 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்ததை 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டு டிசம்பரில் வழக்கை மறுபரிசீலனைக்காக ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. இரண்டு செய்திகளையும் சேர்த்தே வாசியுங்கள். போட்டி தன் போக்கிலேயே ஒருசிலரின் ஆதிக்கமாகத் திரள்கிறது என்று மார்க்சியம் சொல்வதை விவாதிக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு நம் ஊருக்குக் கிடைப்பது அரிது.

இதற்குப் பின்னரே மூலநூல்களுக்குச் செல்லலாம். கூலி உயர்ந்தால் விலைவாசியும் உயர்ந்துவிடும், ஆகவே கூலி உயர்வுப் போராட்டம் வீண் என்ற வாதத்துக்கு மறுப்பாக மார்க்ஸ் 1865 ஜூனில் தொழிலாளர் அகிலம் என்னும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பொதுக்குழுவில் ஆற்றிய உரை முதல் வாசிப்புக்கு ஏற்றது. முந்திரி ஆலையில் வேலைசெய்யும் பெண்கள் கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் இதே வாதத்தைச் சந்திக்கிறார்கள். ஒருவர் சில பக்கங்களை உரக்க வாசிக்க, மற்றவர்கள் தம் கூலிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பேசுவதே சிறந்த முறை. இந்த மண்ணின் சாதி வரலாற்றையும் விட்டுவிடக் கூடாது: திருவிதாங்கூரில் கூலியில்லா ஊழியத்தைச் சுமந்தவர்கள் யார், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1859ஆம் ஆண்டுப் பிரகடனம் வரை ஏன் நீண்டது என்று கேட்காமல் இங்கே உழைப்பின் வரலாறு முழுமை பெறாது.

சோசலிசத்துக்கு வரும்போது, அரசுடைமை ஆகிவிட்டாலே சோசலிசமா என்ற கேள்வியை நேராக வைக்க வேண்டும். 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதன் தொழிலாளர்களும் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் அருமணல் ஆலை மத்திய அரசின் நிறுவனம். அதற்காகக் கிள்ளியூர் பகுதியில் திட்டமிடப்பட்ட மணல் சுரங்கத்தைக் கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள். புகையிலைத் தொழிலை அரசு எடுத்துக்கொள்வதே சோசலிசம் என்றால் நெப்போலியனையும் ஆஸ்திரியாவின் பழமைவாத ஆட்சியாளர் மெட்டர்னிக்கையும் சோசலிசத்தின் நிறுவனர்களாகக் கொள்ள வேண்டியிருக்கும் என்று மார்க்சின் தோழர் எங்கெல்ஸ் எழுதியதை இந்த இடத்தில் வாசிக்கலாம். பொதுத்துறை தனியாருக்குப் போகாமல் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் தொழிலாளரும் ஊர்மக்களும் இல்லாதவரை, காக்கப்படுவது பாதி மட்டுமே.

உலக அரசியலைக் கடலோரத்து நண்பர்களுடன் பேசுவது சிறப்பு. தூத்தூர் வட்டாரத்து விசைப்படகுகள் பல நாள்கள் ஆழ்கடலில் தங்குபவை என்பதால், மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை நிலவும் ஜூன், ஜூலை மாதங்களில் கூட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஈரானிலும் வளைகுடா நாடுகளிலும் மீன்பிடிக்கப் போய்த் திரும்பியவர்கள் இங்கே பலர். 2020இல் கொரோனாக் காலத்தில் ஈரானில் சிக்கிய நூற்றுக்கணக்கானோரை இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அங்கே படகு யாருடையது, பங்கு எப்படிப் பிரிக்கப்பட்டது, அமெரிக்காவின் பொருளாதாரத் தடை தம் வருமானத்தை எப்படித் தொட்டது என்று அவர்களே சொல்லட்டும். வல்லரசின் தடையால் துன்புறும் நாட்டுக்குள்ளும் முதலாளியும் தொழிலாளியும் உண்டு என்பது அந்தப் பேச்சில் தெளிவாகும்.

கருத்து வேறுபாடு மிகும் பொருள்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது, அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணியின் விரிவாக்கத்தை முதன்மைப்படுத்திய இடதுசாரிகளும் உண்டு, உக்ரைன் மக்களின் சுயநிர்ணய உரிமையை முதன்மைப்படுத்தியவர்களும் உண்டு. படையெடுப்பைப் படையெடுப்பு என்றே அழைத்துவிட்டு, அதன் பின்னணியை ஆராய்வதே நேர்மையான வழி என்பேன். சந்தைச் சீர்திருத்தங்கள் தொடங்கிய 1978க்குப் பிந்தைய சீனா சோசலிச நாடா, அரசு நடத்தும் முதலாளித்துவமா என்பதும் அத்தகைய கேள்விதான். சீனத் தொழிலாளி சுதந்திரமான சங்கம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு விவாதத்தைத் தொடங்கலாம். இத்தகைய நாள்களில் வாக்கெடுப்பு வேண்டாம். இரு தரப்பின் வாதத்தையும், ஒவ்வொன்றுக்கும் முன்வைக்கப்பட்ட சான்றையும் பேரேட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதி, எந்தத் தகவல் கிடைத்தால் தம் கருத்தை மாற்றிக்கொள்வோம் என்று இரு தரப்பாரையும் அதன் கீழே எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தை அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.