‘வரலாற்றில் இன்று’ எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைப் பள்ளிகளின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘வரலாற்றில் இன்று’ வாசிக்க, செப்டம்பர் 22 வளமான நாள். 1914-இல் அன்றிரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்தது. 1921-இல் அதே தேதியில் காந்தியடிகள் மதுரை மேலமாசி வீதி வீட்டிலிருந்து அரையாடையுடன் வெளியே வந்தார். இவற்றை அடுத்தடுத்து வாசிப்பதில் பிழையில்லை. ஆனால் தேதி ஒன்றாயிருப்பதாலேயே இரண்டையும் உறவுபடுத்தி எழுதுவது பெருந்தவறு. கதர் வாங்க வசதியில்லை என்று ஏழைகள் சொன்னதே காந்தியடிகளின் முடிவுக்குக் காரணம். ஏழாண்டுகளுக்கு முந்தைய குண்டுவீச்சுக்கு அதில் பங்கில்லை. அவர் முடிவெடுத்தது முந்தைய இரவு என்பதால், முடிவின் தேதியா, உடை மாற்றிய தேதியா என்பதையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

இதைவிட எளிதில் கண்ணுக்குத் தப்புவது நாட்காட்டிப் பிழை. மதுரை வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8. வாஸ்கோ ட காமா லிஸ்பனிலிருந்து புறப்பட்டது 1497 ஜூலை 8 என்பதால் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துவிடுகிறார்கள். பின்னது பழைய ஜூலியன் நாட்காட்டித் தேதி. இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியன் கணக்கில் அது ஜூலை 17. புதிய நாட்காட்டி 1582-இல் தான் வந்தது. இங்கிலாந்து 1752-இல் தான், செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று கொண்டு, அதற்கு மாறியது. ஆகவே அதற்கு முந்தைய கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களின் தேதிகளை அப்படியே எடுத்தாள்வது சரியன்று. மாற்றாமல் எழுதினால், ‘பழைய கணக்கு’ என்ற இரு சொற்களையாவது சேர்ப்பது வாசகருக்குச் செய்யும் மரியாதை.

அழகர் வைகையில் எழுந்தருளுவதற்கும் ஆங்கிலத் தேதி நிலையானதல்ல. சித்ரா பௌர்ணமியை ஒட்டி நடப்பதால் 2023-இல் மே 5, 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12 என அது இடம் மாறியது. பழைய திருவிழா நிகழ்வொன்றைச் சொல்லும்போது ஆண்டையும் ஆங்கிலத் தேதியையும் சேர்த்தே தர வேண்டும்.

நேர வேறுபாடும் கவனத்துக்குரியது: 1969-இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது அமெரிக்காவில் ஜூலை 20, மதுரையிலோ 21 பிறந்து, அதிகாலை ஒன்றே முக்கால் மணி கடந்திருந்தது.