முதல் பைக்: முதலில் ஓட்டப் பழகுங்கள், அப்புறம் வாங்கலாம்

"எந்த பைக் வாங்கலாம்?" என்று கேட்கிற பலருக்கு இன்னும் பைக் ஓட்டவே தெரியாது. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். வேறு வண்டியில் முதலில் பழகுங்கள், வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள். ஓட்டத் தெரியாமல் தேர்ந்தெடுத்தால் கண்ணுக்குப் பிடித்ததைத்தான் எடுப்போம். எடை, சீட்டின் உயரம், ஹேண்டில் எவ்வளவு தூரம் திரும்புகிறது, கிளட்ச் பிடிக்க விரல் எட்டுகிறதா என்பதெல்லாம் கொஞ்சம் ஓட்டிய பிறகுதான் நமக்கே உறைக்கும். அதோடு, புது வண்டியில் பழகினால் கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்திலேயே தோளும் கையும் இறுகிப்போகும், இறுகின கையால் பைக் ஓட்ட வராது.

யாரிடம் கற்றுக்கொள்வது? முறையான பயிற்சி வகுப்பு கிடைக்கிற இடமாக இருந்தால் யோசிக்காமல் சேருங்கள். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 பைக் விபத்துகளைச் சம்பவ இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ பழகியவர்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் பழகுகிறார்கள் என்பதால் இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த வண்டியை ஓட்ட ஆரம்பித்து ஐந்து மாதம்கூட ஆகாதவர்கள். புது வண்டியோடு இருக்கும் முதல் சில மாதங்களை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

சரி, பழகுவதற்கு வருவோம். சமதளமான காலி மைதானம் வேண்டும், எடை குறைந்த வண்டி வேண்டும். இடது கையில் கிளட்ச், இடது காலில் கியர், வலது கையில் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும், வலது காலில் பின் பிரேக். பெரும்பாலான வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே, நியூட்ரல் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவில். சில சின்ன வண்டிகளில் இந்த வரிசை வேறு மாதிரி இருக்கும், ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பைக் ஓட்டுவதில் பாதி வேலை கிளட்சில்தான் இருக்கிறது. முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் லேசாக இறங்கும், வண்டி முன்னால் போகத் துடிக்கும். அதுதான் ஹாஃப் கிளட்ச். அங்கேயே நிறுத்தி, மறுபடி அழுத்தி, மறுபடி விட்டு, கால் இரண்டும் தரையில் இருக்க வண்டியை ஓரடி முன்னால் விடுவதும் நிறுத்துவதுமாக, அந்த இடம் எங்கே இருக்கிறது என்று விரலுக்கு மனப்பாடம் ஆகும்வரை செய்யுங்கள். பொறுமையைச் சோதிக்கும், ஆனாலும் அவசரப்படாதீர்கள். இதைத் தாண்டி ஓடியவர்கள்தான் பிறகு சிக்னலில் வண்டி ஆஃப் ஆகித் திணறுகிறார்கள், மேட்டில் பின்னால் உருளுகிறார்கள்.

அடுத்தது மெதுவாக ஓட்டுவது. வேகமாகப் போகும்போது வண்டி தானே நிமிர்ந்து நிற்கும், நடக்கிற வேகத்தில்தான் சாயப் பார்க்கும். அப்போது கொஞ்சம் ஆக்சிலரேட்டர், ஹாஃப் கிளட்ச், பின் பிரேக்கில் லேசான அழுத்தம் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் வண்டி கயிறு கட்டி இழுத்த மாதிரி நிதானமாகப் போகும். எட்டு போட்டுப் பழகுங்கள், குறுகின இடத்தில் யு டர்ன் அடித்துப் பழகுங்கள். பார்வை முன்சக்கரத்தின் மேல் இருக்கவே கூடாது. எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே தலையைத் திருப்புங்கள், வண்டி பின்னாலேயே வரும். குழியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் குழிக்குள்தான் இறங்குவீர்கள்.

வேகம் கூடியதும் திருப்புகிற முறை மாறிவிடும் என்பதைப் பல வருடம் ஓட்டியவர்கள்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் இடது பக்கம் போகும், அதனால் வண்டி வலது பக்கம் சாயும், சாய்ந்ததும் வலது பக்கம் திரும்பும். உடம்பு இதைத் தன்னாலேயே செய்கிறது, ஆனால் திடீரென்று குறுக்கே எதையாவது பார்த்து விலக வேண்டியிருக்கும்போது, தெரிந்து செய்கிறவரால்தான் சட்டென்று விலக முடியும்.

பிரேக் விஷயத்தில் ஒரு தவறான அறிவுரை தலைமுறை தலைமுறையாகச் சுற்றுகிறது: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுவிடும்." தயவுசெய்து இதை நம்பாதீர்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது, அதனால் வண்டியை நிறுத்துகிற சக்தியில் பெரும்பகுதி முன் பிரேக்கிடம்தான் இருக்கிறது. ஆளைக் கீழே தள்ளுவது அதைச் சடாரென்று பிடிப்பதுதான். முதலில் மெல்லத் தொட்டு, எடை முன்னால் இறங்கியதும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், பின் பிரேக்கும் கூடவே வரட்டும். வண்டி நிமிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போதும் மணல், ஈரம் இருக்கிற இடத்திலும் அழுத்திப் பிடிக்கக் கூடாது, வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். காலி இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, 30, 40 என்று ஏற்றி, திடீரென்று நிறுத்திப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போய்விடுகிறோம், கை பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போயிருக்கலாம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நான்கு மடங்காகும்.

இவ்வளவும் கைவந்த பிறகு, ஓட்டுநர் உரிமமும் கையில் வந்த பிறகு, வாங்குவதைப் பற்றிப் பேசலாம். பணத்தை எண்ணும்போது ஹெல்மெட்டுக்கு முதலில் ஒதுக்குங்கள். மிச்சம் இருந்தால் வாங்குகிற பொருள் அல்ல அது. கன்னத்தை இறுக்கமாக அணைக்க வேண்டும், பட்டையை மாட்டிய பிறகு தலையை ஆட்டினால் தலையோடு சேர்ந்து ஆட வேண்டும், பின்னாலிருந்து தூக்கினால் கழன்று வரக்கூடாது. உங்கள் நாட்டின் தர முத்திரையோ ஐரோப்பாவின் இசிஇ 22.06 முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள், உள்ளே இருக்கும் தெர்மாகோல் மாதிரியான பகுதி நசுங்கித்தான் அடியை வாங்குகிறது, ஒரு முறை நசுங்கினால் அவ்வளவுதான். கையுறையும் கணுக்காலை மூடும் ஷூவும் அடுத்து. விழும்போது கை தன்னாலேயே முன்னால் நீளும்.

வண்டிக்கு வருவோம். சீட்டில் உட்கார்ந்து இரண்டு பாதத்தின் முன்பகுதியாவது தரையில் உறுதியாக ஊன்றுகிறதா பாருங்கள், சீட்டின் உயரம் 800 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பலருக்கும் எட்டும். இறங்கி நின்று வண்டியைத் தள்ளி முன்னும் பின்னும் நகர்த்துங்கள், சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். இதற்கே மூச்சு வாங்கினால் அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். முதல் வண்டிக்கு 125 முதல் 250 சிசி போதும் என்பது என் தீர்மானமான கருத்து. பெரிய வண்டியில் கை கொஞ்சம் தவறினாலும் வண்டி அதைப் பெரிதாக்கிவிடும், சின்ன வண்டி மன்னித்துவிடும். முன்னால் குனிந்து உட்காருகிற, முழுக்க பிளாஸ்டிக் மூடின ஸ்போர்ட்ஸ் வண்டியும் முதலுக்கு வேண்டாம். மணிக்கட்டில் எடை விழும், ஹேண்டில் குறைவாகத் திரும்பும், நின்ற இடத்தில் சாய்ந்தால்கூட செலவு பெரிதாக வரும். ஏபிஎஸ் கிடைத்தால் விடாதீர்கள், பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போதும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும்.

முதல் வண்டி செகண்ட் ஹேண்டாக இருப்பதே நல்லது என்பேன், பார்த்து வாங்கத் தெரிந்தால். தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள். இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தால் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் வர வேண்டும். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டால், சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் குழாய்களான முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் சிக்குகிறதா? செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாக வளைந்து கூர்மையாகியிருந்தால் செயினையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில் முனை மூன்றிலும் ஒரே பக்கத்தில் உராய்வு இருந்தால் வண்டி விழுந்திருக்கிறது, விழுந்ததை மறைக்கிறாரா சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது, பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கிழடாகி இறுகியிருக்கலாம். கடைசியாக, இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆவணத்தில் இருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

புது வண்டி எடுத்தால், புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் வரைக்குமாவது வழுக்கும், வளைவில் பொறுத்துப் போங்கள். முதல் சர்வீஸ் வரைக்கும் இன்ஜினை முறுக்காதீர்கள்.

பின்னால் ஆள் ஏற்றுவதை முதல் சில மாதங்களுக்கு ஒத்திப்போடுங்கள். ஒருவர் ஏறினதும் நிற்கிற தூரம் நீளும், மெதுவாகப் போகும்போது வண்டி தள்ளாடும், நீங்கள் பழகின ஹாஃப் கிளட்ச் அளவே மாறிவிடும். ஏற்றுகிற நாள் வந்தால், பின் டயரில் காற்றைக் கையேட்டில் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிற அளவுக்கு ஏற்றிவிட்டு, ஏறுகிறவருக்கும் ஹெல்மெட் கொடுத்து, திரும்பும்போது எதிர்ப்பக்கம் சாயாமல் உங்களோடு சேர்ந்து சாயச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.