கஞ்சா டெஸ்ட் கார்டு: போடும் முறை, படிக்கும் முறை

சிப்காட் ஆலையோ, கப்பலோ, வளைகுடாவோ, வேலைக்கு முந்தைய மெடிக்கலில் போதைப்பொருளுக்கான யூரின் டெஸ்டும் இருக்கலாம். மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய பிள்ளைக்குக் கார்டு வாங்கிவந்து வீட்டிலேயே போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டு இடத்திலும் நடக்கும் தவறு ஒன்றுதான்: கார்டு சொல்லாததையெல்லாம் சொன்னதாக எடுத்துக்கொள்வது.

கஞ்சாவில் போதை தருவது டிஹெச்சி. ஈரல் அதைச் சிதைத்து, கார்பாக்ஸி டிஹெச்சி என்ற கழிவாக மாற்றுகிறது. யூரின் கார்டு தேடுவது இந்தக் கழிவைத்தான். இதற்குப் போதை கிடையாது. டிஹெச்சி கொழுப்பில் கரையும் பொருள். உடம்புக் கொழுப்பில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறும். புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும் போதை இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். பாங்கு, லேகியம், பிஸ்கெட் என்று தின்றால் ஏறவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். ‘ஒண்ணும் ஆகலையே’ என்று இன்னொரு உருண்டை போட்டு, படபடப்பும் பயமுமாக ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் இந்த வகை. ஆனால் யூரினில் கழிவு நாள்கணக்கில் இருக்கும். எப்போதோ ஒருமுறை இழுத்தவருக்குச் சுமார் மூன்று நாள், வாரத்தில் சில முறை என்றால் ஐந்து முதல் ஏழு நாள், தினமும் என்றால் பத்து பதினைந்து நாள். வருடக்கணக்காகப் பல வேளை இழுத்தவருக்கு ஒரு மாதம் தாண்டியும் வரும். எனவே பாசிட்டிவ் என்றால் ‘முன்பு உபயோகித்திருக்கிறார்’ என்று மட்டும்தான் பொருள். ‘இப்போது போதையில் இருக்கிறார்’ என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கார்டு வாங்கும்போது அட்டையில் மூன்றைப் பாருங்கள்: காலாவதித் தேதி, வெட்டு அளவு, வைக்க வேண்டிய வெப்பநிலை. வெட்டு அளவு என்பது கழிவு எவ்வளவு இருந்தால் கார்டு பாசிட்டிவ் காட்டும் என்ற எல்லை. வழக்கமாக அது மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். 25 என்று போட்ட கார்டும் கிடைக்கும். ஒரே யூரின் ஒன்றில் பாசிட்டிவ், மற்றதில் நெகட்டிவ் என்று வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பெரும்பாலான கார்டுகளை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் கடலூரில் ஏசி இல்லாத எந்த அறை 30 டிகிரிக்குள் இருக்கிறது? கடையில் வெயில் படும் அலமாரியில் கிடந்த பெட்டியை வாங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எதிரி வேறு: உறையைப் பிரித்துவிட்டு ‘அப்புறம் போடலாம்’ என்று வைத்தால் பட்டை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும். யூரின் கைக்கு வந்த பிறகே உறையைக் கிழியுங்கள். கிழித்ததும் உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

யூரினைச் சுத்தமான, காய்ந்த கப்பில் பிடிக்க வேண்டும். சோப்பு போட்டுக் கழுவிய பழைய பாட்டில் வேண்டாம். சோப்பு மிச்சம் முடிவைக் கெடுக்கும். கார்டுக்குச் சில சொட்டுகள் போதும் என்றாலும் 30 மில்லியாவது எடுங்கள். வேலைக்கான டெஸ்ட் என்றால் 45 மில்லி எடுத்து, இரண்டு பாட்டிலாகப் பிரித்து, உங்கள் கண்முன் சீல் வைத்து, இரண்டிலும் கையெழுத்து வாங்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டாவது பாட்டில்தான் பிறகு தகராறு வந்தால் உங்களைக் காப்பாற்றும். பிடித்த நான்கு நிமிடத்துக்குள் கப்பின் வெப்பம் 32 முதல் 38 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது எடுப்பவர் பார்க்க வேண்டிய விதி. ஃபிரிட்ஜில் வைத்த யூரின் என்றால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகே கார்டில் விடுங்கள்.

கார்டைச் சமதளத்தில் வைத்து, டிராப்பரை நேராகப் பிடித்து, குழியில் மூன்று சொட்டு. நான்கைந்து விட்டால் திரவம் பட்டை மேல் வழிந்து கோடு கலங்கிவிடும். சொட்டில் காற்றுக்குமிழி இருந்தால் அளவு குறையும். ஐந்தாவது நிமிடத்தில் படியுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு தெரிவதைக் கணக்கில் எடுக்கக்கூடாது. உறையில் வேறு எண்ணிக்கை போட்டிருந்தால் அதுவே சரி.

படிப்பதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கர்ப்ப டெஸ்ட்டில் இரண்டு கோடு என்றால் பாசிட்டிவ். இங்கே தலைகீழ். சி எழுத்துக்கு நேரே ஒரு கோடு, டி எழுத்துக்கு நேரே ஒரு கோடு, இரண்டும் வந்தால் நெகட்டிவ். டி கோடு வராவிட்டால்தான் பாசிட்டிவ். கழிவு நிறைய இருந்தால் அது கார்டில் உள்ள, டி கோட்டுக்கு நிறம் தரும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) பிடித்துக்கொள்ளும். டி இடத்தில் நிறம் சேர ஆள் இருக்காது. அதனால் டி கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் நெகட்டிவ்தான். டியூப் லைட்டில் தெரியவில்லை என்றால் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு நிழல் மாதிரி ஒரு கோடு இருந்தால் போதும். ‘மங்கலா இருக்கு, கொஞ்சமா அடிச்சிருப்பான்’ என்பது கார்டில் இல்லாத செய்தி. சி கோடே வரவில்லை என்றால் கார்டு செல்லாது. புதிதாக ஒன்றைப் போடுங்கள்.

கஞ்சா தொடாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும் மருந்துகள் உண்டு. எச்ஐவி சிகிச்சையில் தரும் எஃபாவிரென்ஸ் அப்படிப்பட்டது. சில கார்டுகளில் பான்டோப்ரசோலும், அதாவது நம்மூரில் வெறும் வயிற்றில் போடும் ‘கேஸ் மாத்திரை’யும் குழப்பும். அதனால் கடந்த இரண்டு வாரத்தில் போட்ட மாத்திரை எல்லாவற்றையும் டெஸ்ட்டுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். முடிவு வந்த பிறகு சொன்னால் சாக்கு மாதிரி கேட்கும். கஞ்சா இலை சேர்ந்த லேகியமும், ஆன்லைனில் ‘விஜயா’ என்ற பெயரில் விற்கும் கஞ்சா எண்ணெயும் வேறு கதை. அவற்றில் டிஹெச்சி இருந்தால் பாசிட்டிவ் வருவது பொய் அல்ல, நிஜம். குருமாவில் அரைத்த கசகசா கஞ்சா கோட்டைத் தொடாது. பல போதைப்பொருளை ஒன்றாகப் பார்க்கும் பல கட்டக் கார்டில் அபின் கட்டத்தைத்தான் அது தொந்தரவு செய்யும்.

கார்டின் பாசிட்டிவ் முதல் சல்லடைதான். வேலை போகும் நிலையில் இருந்தால் லேபில் கருவி வைத்துப் பொருளைப் பிரித்து அடையாளம் காணும் ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் உறுதி டெஸ்ட் கேளுங்கள். அதன் வெட்டு அளவு வழக்கமாக 15 நானோகிராம். மாத்திரையால் வந்த குழப்பம் அங்கே தீரும். உண்மையில் உபயோகித்தவருக்கு அது உதவாது.

எலுமிச்சை, வினிகர், ‘டீடாக்ஸ்’ பாட்டில் எதுவும் கொழுப்பிலிருக்கும் டிஹெச்சியை வெளியே தள்ளாது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் யூரின் நீர்த்துப்போகும். யூரினில் இயல்பாக இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே, ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.003-க்குக் கீழே என்று வந்தால் ‘நீர்த்த மாதிரி’ என்று எழுதி மறுபடி வரச் சொல்வார்கள். சந்தேகமும் கூடவே வரும்.

நிறுத்திய பிள்ளைக்கு வாராவாரம் கார்டு போடும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தினமும் இழுத்தவருக்கு இரண்டு வாரம் கழித்தும் பாசிட்டிவ் வந்தால் மறுபடி தொட்டான் என்று அர்த்தமில்லை. இடையில் ஒரு நாள் நெகட்டிவ் வந்து மறுநாள் பாசிட்டிவ் வருவதும் யூரின் அடர்த்தி மாறுவதால் இருக்கலாம். லேபில் கார்பாக்ஸி டிஹெச்சி அளவையும் கிரியேட்டினினையும் சேர்த்து எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுத்து வாருங்கள். அந்த விகிதம் வாரத்துக்கு வாரம் இறங்கினால் பழையது வெளியேறுகிறது. ஏறினால்தான் கேள்வி. முதல் வாரத்தில் எரிச்சல், பசியின்மை, தூக்கமின்மை, வியர்வை வருவது நிறுத்தியதன் விளைவு. இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், கெட்ட கனவு மட்டும் நீளலாம். காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்வதாக அஞ்சுவது போன்றவை தெரிந்தால் கார்டை ஓரம் வைத்துவிட்டு புதுச்சேரி ஜிப்மர் அல்லது கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கு உடனே கூட்டிப்போங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416.

கடலூர்-புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் சரக்கு விலை மாறும், கஞ்சா சட்டம் மாறாது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இரு பக்கமும் ஒன்றே. உபயோகித்ததற்குப் பிரிவு 27-இன்படி ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவிலோ சிறு அளவு வைத்திருந்த வழக்கிலோ சிக்கியவர், போதைக்கு அடிமையானவராக இருந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் பிரிவு 64-ஏ விலக்கு தருகிறது. சேர்ந்த சீட்டு மட்டும் போதாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கைத் திரும்பப் பெற முடியும். ஆகவே ஒவ்வொரு வருகைக்கும் தேதியிட்ட ஓபி சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.